துருவனின் சொந்தக் குரல்

ஜூன் 9, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தயிர்ப் பாத்திரத்தை எதிர் வீட்டு விமலாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். டப்பிங் தொடங்கும் நாளில் வீட்டில் தயிர் இருக்கக் கூடாது. இருந்தால் ஜெயதேவன் சாப்பிட்டுவிடுவார். பிறகு தொண்டை கட்டிக்கொண்டது, நீ ஏன் எடுத்து வைத்தாய் என்பார். விமலா கதவைத் திறந்ததுமே, "மறுபடி படம் ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தாள்.

என் கணவரை இந்த நோட்டில் மட்டும்தான் பெயர் சொல்லி எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே மைக்கின் முன் நின்று கூட்டத்தில் கத்துகிற குரல்கள் கொடுத்தவர்கள் நாங்கள். அப்போது அவர் எனக்கு ஜெயதேவன்தான். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுவிட்டது.

சண்டைப் பட நாயகன் துருவனின் முதல் படத்திலிருந்தே அவருக்குக் குரல் ஜெயதேவன். திரையில் தெரிகிற உடம்பு ஒருவருடையது, பேசுகிற குரல் இன்னொருவருடையது என்பது ரசிகர்களுக்கும் தெரியும். துருவனின் சொந்தக் குரலைத்தான் யாரும் கேட்டதில்லை. மேடைகளில்கூடக் கை கூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மெல்லிய குரல், அந்த உடம்புக்குப் பொருந்தாது என்று முதல் தயாரிப்பாளர் முடிவு செய்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்ப யோசிக்கவில்லை.

நான் டப்பிங் இன்சார்ஜ். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பேசிக் காட்டுவேன். உள்ளே ஜெயதேவன் ஹெட்போனில் அதைக் கேட்டு, திரையில் ஓடும் உதட்டுக்குப் பொருத்திப் பேசுவார். எல்லா ஸ்டூடியோவிலும் இப்படி இல்லை. எங்களுக்கு இப்படிப் பழகிவிட்டது.

சாலிகிராமத்துக்கு ஆட்டோவில் போகும்போது போனில் எதையோ படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கேளு அரசி. நம்ம ஆளுக்கு ரெண்டே எக்ஸ்பிரஷன்தானாம். சட்டை போட்டது ஒண்ணு, சட்டை கழட்டினது ஒண்ணு."

"பாவம்."

"என்ன பாவம்? உண்மையத்தானே எழுதியிருக்கான். தனியாப் பார்த்தா அவன் ஒரு பீரோ, நான் ஒரு ரேடியோ. சேர்ந்தாத்தான் ஹீரோ."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "சார், நீங்க துருவன் வாய்ஸா?" இறங்கும்வரை ஜெயதேவன் துருவனாகவே பேசிக்கொண்டு வந்தார். மீதிச் சில்லறையைக்கூட அந்தக் குரலில்தான் வாங்கினார்.


ஜூன் 10, செவ்வாய்

ஜெயதேவனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. நான் காலையிலேயே போய் மூன்றாவது ரீலைப் பார்த்து வைக்க உட்கார்ந்தேன்.

படப்பிடிப்பில் நடிகர்கள் பேசும்போது பதிவாகிற ஒலியை பைலட் என்போம். டப்பிங் முடியும்வரை துணைக்கு வைத்துக்கொண்டு, பிறகு தூக்கிப் போட்டுவிடுவோம். துருவன் படங்களில் மட்டும் துணைக்குக்கூட வைப்பதில்லை. அது ஜெயதேவன் ஆரம்பத்தில் போட்ட நிபந்தனை. "அந்தக் கீச்சுக் குரல் ஒரு தடவை காதுல விழுந்தா என் குரல் இறங்கிடும்" என்றார். பழைய இன்ஜினியர் நடராஜன் ரீல் வந்ததும் பைலட்டை அணைத்துவிட்டுத்தான் என்னையே கூப்பிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது ஷாஜகான். நல்ல பையன், முப்பது வயதிருக்கும். அவருக்கு இந்தக் கதை தெரியாது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

படத்தில் துருவன் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். கல்லூரிக்குப் போன மகள் சாலை விபத்தில் போய்விடுகிறாள். போலீஸ் ஸ்டேஷனில் அவளுடைய பையை மேஜைமேல் வைக்கிறார்கள். அவர் அதைத் தொடாமல் பார்க்கிறார். பிறகு கேட்கிறார், "டப்பா காலியா இருக்குதா சார்?"

மகள் மதியம் சாப்பிட்டாளா என்பதுதான் கேள்வி. ஸ்கிரிப்டில் இந்த வரியைப் படித்தபோதே எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். 'காலியா' என்பதில் குரல் உடைய வேண்டும். 'சார்' வெறும் மூச்சாகப் போய்விட வேண்டும்.

ஷாஜகான் ரீலை ஓட்டினார். பைலட் ஒலித்தது.

மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கில் வருகிறது. உடையவில்லை, நடுங்கவில்லை. மளிகைக் கடையில் பை கிழிந்திருக்கிறதா என்று கேட்பது போல, "டப்பா காலியா இருக்குதா சார்?" என்று கேட்டது. பதில் வருவதற்குக் காத்திருந்தது. காத்திருக்கும்போது தொண்டையில் ஏதோ விழுங்கப்படும் சின்ன ஓசை.

ஷாஜகான் என்னைப் பார்த்தார். "ஆஃப் பண்ணணுமா மேடம்?"

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றேன்.

ஜெயதேவன் வருவதற்குள் அணைக்கச் சொல்லிவிட்டேன்.


ஜூன் 11, புதன்

இன்று அதே காட்சியை ஜெயதேவன் பேசினார். நான் யோசித்து வைத்தபடியே சொல்லிக் கொடுத்தேன். அப்படியே வாங்கிக்கொண்டார், அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு வரியைக் காதில் போட்டால் அதன் வளைவு நெளிவு எல்லாம் பிசகாமல் திரும்பி வரும். ஆனால் 'காலியா'வில் குரல் உடைய வேண்டிய இடத்துக்கு முன்பே உடைந்தது. அது நடிப்பு இல்லை, தொண்டை. திரும்ப எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் போனது.

"ஏசிய கொறைங்கப்பா" என்றார்.

ஏசி ஓடவே இல்லை. ஷாஜகான் எழுந்துபோய் எதையோ தட்டிவிட்டு, "கொறைச்சிட்டேன் சார்" என்றார்.

குரல் நாணில் தடிப்பு இருக்கிறது, ஆறு மாதம் பேசாமல் இருங்கள் என்று டாக்டர் போன வருடமே சொன்னார். ஜெயதேவன் ஆறு நாள்கூட இருக்கவில்லை. மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. விளம்பரம், கார்ட்டூன், டிவி எதுவும் இல்லை. துருவன் மட்டும்தான் மிச்சம். வருடத்துக்கு ஒரு படம்.


ஜூன் 12, வியாழன்

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. கையால் துவைத்தேன். பைலட் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது.


ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை. தூங்கலாம் என்று படுத்தேன், தூக்கம் வரவில்லை. ரீல்கள்தான் கண்ணுக்குள் ஓடின.

டப்பிங்காரர்கள் ஒரு முகத்தைப் பார்ப்பது போல வேறு யாரும் பார்ப்பதில்லை. ஒரு வரிக்கு அதே முகம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் நாங்கள் பார்ப்பது உதட்டை. எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, 'ப' வருகிறதா 'ம' வருகிறதா. இத்தனை வருடங்களில் துருவனின் உதடு எனக்கு மனப்பாடம். கண்ணைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியாது.

நேற்றும் முந்தாநாளும் ஜெயதேவன் வருவதற்கு முன்னால் பைலட்டோடு பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் பாதி இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யாருமில்லை, இருந்தும் தோளை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார். தன் உடம்பு அந்த அறைக்கு அதிகம் என்று வெட்கப்படுவது போல. அந்தப் பெரிய கைகளை மடியில் போட்டுக்கொண்டிருக்கிற விதம், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் டைரக்டர் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

ஒல்லியாக ஒருவர் இப்படி உட்கார்ந்தால் விருது கொடுப்பார்கள். துருவன் உட்கார்ந்தால் கையின் சுற்றளவைப் பார்ப்பார்கள். சண்டைப் படத்து ஆட்களுக்கு உடம்பே திரை போல, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய படங்களை யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சண்டையில் எதிராளி ஓங்கும் கை முகத்தில் படவே படாது, பட்டதாக இவர்தான் நம்ப வைக்க வேண்டும். கழுத்து திரும்பும், கண் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பும். நாங்கள் அந்த இடத்தில் 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடுத்த லூப்புக்கு, அதாவது அடுத்த வசனத் துண்டுக்கு, போயிருப்போம்.

மதியம் ஜெயதேவன் உற்சாகமாக இருந்தார். வேலூர் ரசிகர் மன்றத்திலிருந்து போன். படம் வெளிவரும் அன்று மேடையேறி அந்தப் படத்து வசனங்களைப் பேச வேண்டும், 'குரல் வேந்தர்' என்று பட்டம் தருகிறார்களாம்.

"ஹீரோவக் கூப்பிடலையா?" என்று கேட்டேன்.

"அவன் வந்து என்ன பண்ணுவான்? கும்பிட்டுட்டு உக்காருவான்" என்றார். "சோறு போடு."


ஜூன் 17, செவ்வாய்

டைரக்டர் கிளமென்ட் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஜெயதேவன் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து உள்ளே வந்தார் என்று நினைக்கிறேன். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"மேடம், நீங்க பைலட் கேட்டீங்களாமே."

ஷாஜகான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"தப்பா ஓடிடுச்சு" என்றேன்.

"நான் ஸ்பாட்ல தினமும் ஹெட்போன்ல கேட்டேன் மேடம். அந்த ஸ்டேஷன் சீன்ல கட் சொல்லவே மறந்துட்டேன். அந்தக் குரல்லயே படம் போகணும்னு தயாரிப்பாளர்கிட்ட கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? தியேட்டர்ல விசில் அடிச்சு சிரிப்பாங்கய்யான்னார்."

"சிரிக்கத்தான் செய்வாங்க."

"முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பாங்க. அப்பறம்?"

நான் ஸ்கிரிப்ட் பேப்பர்களை அடுக்கினேன்.

ஒரு தடவை துருவனைக் கூப்பிட்டு முழுப் படத்தையும் அவர் குரலில் எடுத்து வைப்போம், எதைப் போடுவது என்று பிறகு பார்க்கலாம் என்றார். "சார் வராத நாள் பார்த்து" என்று சேர்த்துக்கொண்டார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை.

சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஆட்டோவில் வரும்போது யோசித்தேன். களைப்பாக இருந்தது. மறுத்துப் பேசுவதைவிடச் சரி என்பது சுலபம். அதனால்தான் இருக்கும்.


ஜூன் 20, வெள்ளி

ஜெயதேவனிடம் வேறொரு படத்துக்குக் கூட்டக் குரல்கள் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

துருவன் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார், மனைவியின் சின்னக் கார். அதிலிருந்து இறங்கவே நேரமானது. டப்பிங் அறையின் கதவு குறுகல், பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். பேப்பர் ஸ்டாண்டைத் தொடாமல் சுற்றி வந்து நின்றார்.

"இந்த ரூமுக்குள்ள நான் வந்ததே இல்லீங்க மேடம்."

பைலட்டில் கேட்டிருந்தும் நேரில் அந்தக் குரல் என்னவோ செய்தது. தபால் ஆபீஸ் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து வந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அந்தத் தோள்களுக்கு மேலிருந்து வந்ததும் ஷாஜகான் பேனா தேடுவதுபோல் குனிந்துகொண்டார். துருவன் அதைக் கவனித்தார். அவருக்குப் பழகியிருக்கும்.

முதல் லூப் ஓடியது. பழக்க தோஷத்தில் நான் மைக்கை அழுத்தி வரியைப் பேசிக் காட்டினேன். உள்ளே அவர் பேசவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"என்ன சார்?"

"தியேட்டர்ல என் படம் பார்க்கறப்போ குரல் சாரோடதுன்னு தெரியும். ஆனா பேசற தினுசு சாரோடது இல்லியேன்னு தோணிக்கினே இருக்கும். சாரை நேர்ல பார்த்தா வேற மாதிரி பேசறாரு. நிறுத்தற எடம், மூச்சு வாங்கற எடம்... எங்க வீட்ல சொல்லுவாங்க, நீ படத்துல கோவப்பட்டா யாரோ டீச்சரம்மா கோவப்படற மாதிரி இருக்குதுய்யான்னு. இப்ப நீங்க பேசினீங்க பாருங்க, டக்னு பிடிபட்டுச்சு. இத்தினி வருசமா அது நீங்கதானா?"

ஷாஜகான் சிரிப்பை அடக்கினார். நான் தண்ணீர் குடித்தேன். பாட்டிலில் கொஞ்சம்தான் இருந்தது, அது தீர்ந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் மூன்று வருடம் நாடகம் போட்டவள் நான். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. துருவனின் கோர்ட் வசனம் ஊரெல்லாம் ஓடியபோது ஒரு டிவிக்காரர் ஜெயதேவனிடம் எப்படி அதைப் பிடித்தீர்கள் என்று கேட்டார். "அதுவா வந்துச்சு" என்றார். அன்று நான் சேனலை மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன் என்று நினைவு.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்றார் துருவன். "கொஞ்சம் சொல்லிக் குடுக்காம இருக்கீங்களா? நானே பேசிப் பார்க்கறேன். நல்லா இல்லேன்னா அப்பறம் சொல்லுங்க."

மைக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். மாலை வரை அதைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை. சில இடங்களில் உதடு தவறினார், வெகுவாகத் தவறினார், பழக்கமில்லை. ஆனால் ஒரு இடத்திலும் பொய் இல்லை.

இடையில் டீ வந்தது. டம்ளர் அவர் விரலுக்குள் காணாமல் போயிற்று. எங்கே நடிக்கக் கற்றீர்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகு அது கிண்டலாகப் படுமோ என்று பயமாக இருந்தது.

"எங்க கத்துக்கினேன்! சத்துவாச்சாரியில வெயிட் தூக்கினேன் மேடம். ஏகாம்பரம்னு பேரு அப்போ. போட்டியில எதிராளி நம்ம மூஞ்சையே பார்த்துக்கினு இருப்பான். வலிக்குதுன்னு மூஞ்சில தெரிஞ்சா, அடுத்த தடவை வெயிட்ட ஏத்திடுவான். அதுக்காகவே மூஞ்ச காலியா வெச்சுக்கப் பழகினேன். சினிமாவுக்கு வந்தா மூஞ்சில ஒண்ணுமே இல்லியேன்றாங்க." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் இல்லாம இல்ல மேடம். உள்ளாற இருக்குது. காட்டத்தான் பழகல."

போகும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாருக்குத் தெரியுமா நான் வந்தது?"

"தெரியாது."

"சொல்லிடுங்க மேடம். அவர் குரல்லதான் நான் இத்தினி வருசம் சோறு தின்னேன். அவர் வேணாம்னா எனக்கும் வேணாம். நான் கேட்டு இது நடக்கல, கிளமென்ட் சார் கூப்பிட்டாரு, ஒரு தடவை பேசிப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு, வந்தேன். அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயதேவன், "கூட்டம் எப்படி?" என்று கேட்டார்.

"ஒரே சத்தம்" என்றேன்.


ஜூன் 21, சனி

துருவன் மீதி ரீல்களையும் முடித்துவிட்டார். ரேஷனில் பாமாயில் வரவில்லை.


ஜூன் 24, செவ்வாய்

ஸ்டேஷன் காட்சியின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஜெயதேவன் அதை மறுபடி பேச வேண்டியிருந்தது.

இன்று ஒரு காரியம் செய்தேன். துருவன் கேட்டது போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக் காட்டினேன். "டப்பா காலியா இருக்குதா சார்?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன அரசி, தக்காளி என்ன வெலைன்னு கேக்கற மாதிரி கேக்கற?"

"அப்படியே சொல்லிப் பாருங்களேன்."

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. 'காலியா'வில் குரல் தானாக மேலே ஏறியது. மறுபடி முயன்றார், இந்த முறை 'சார்' அழுதது. எதையும் பிசகாமல் திருப்பிச் சொல்கிறவருக்கு இதை மட்டும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. பிடித்துக்கொள்ள அதில் மேடு பள்ளம் எதுவும் இல்லை.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே விசாரித்தார். "வரியில உயிரே இல்லையேம்மா. செத்துப்போன பொண்ணுக்கு அப்பன் கேக்கற கேள்வி இது. நம்மளும் ஒரு பொண்ணப் பெத்து வெச்சிருக்கோம்."

நான் பழைய மாதிரியே சொல்லிக் கொடுத்தேன். ஒரே டேக்கில் பேசி முடித்தார். தொண்டைகூடத் தொந்தரவு செய்யவில்லை. வெளியே வந்து ஷாஜகானின் முதுகில் தட்டினார். "எப்படி தம்பி?"

"சூப்பர் சார்."

"பார்த்தியா!" என்றார் என்னிடம்.

ஆட்டோவில் திரும்பினோம். போரூர் சிக்னலில் நான் வெளியே திரும்பியிருந்தபோது கழுத்தைப் பிடித்து நீவிக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.


ஜூன் 26, வியாழன்

மகள் திருச்சியிலிருந்து போன் செய்தாள். அப்பா குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். சிக்னல் சரியில்லை என்றேன்.


ஜூன் 28, சனி

கிளமென்ட் போன் செய்தார். தயாரிப்பாளர் இறங்கி வந்துவிட்டாராம். "ஒரு கண்டிஷன் மேடம். முதல் படத்துலேர்ந்து அந்தக் குரலைப் பார்த்துக்கிட்டவங்க நீங்க. நீங்க ஓகே சொன்னா துருவன் சொந்தக் குரல்லயே போலாம்னு சொல்லிட்டார். நீங்க வேணாம்னா ஜெயதேவன் சார் ட்ராக். செவ்வாய்க்கிழமை காலையில மிக்ஸிங்."

"நீங்கதானே டைரக்டர். நீங்க சொல்லுங்க."

"எனக்கு இது ரெண்டாவது படம் மேடம்" என்றார். குரலில் உண்மையான பயம் இருந்தது. எல்லோரும் நல்லவர்கள்தான். பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மாலையில் தையல்கடையிலிருந்து வேலூர் மேடைக்கான ஜிப்பா வந்தது. சந்தன நிறம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கழுத்து இளைத்திருப்பது அந்த நிறத்தில் தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"அந்த ஸ்டேஷன் வசனத்த மேடையில பேசப்போறேன். ஜனம் அழணும். எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டு."

"நீங்களே சொல்லுங்களேன். எப்படித் தோணுதோ அப்படி."

சிரித்தார். "வெளையாடாதே அரசி." நான் சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பும் நின்றது. ஜிப்பாவின் பட்டனைக் கழற்றிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார், "நீ சொல்லாம எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஜிப்பாவை வாங்கி ஹேங்கரில் மாட்டினேன். பிறகு வரியைச் சொல்லிக் காட்டினேன், பழைய மாதிரியே. அவர் திருப்பிச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது.


ஜூன் 30, திங்கள்

ஷாஜகானிடம் சொல்லி இரண்டு ட்ராக்கையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஜெயதேவன். ஸ்டேஷன் காட்சியில் அழுதேன். அவர் குரலில் பார்த்தால் எப்போதும் அழுகை வந்துவிடும், வர வேண்டிய இடத்தில் வந்து, காட்சி முடிந்ததும் நின்றுவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ரீலைப் பார்த்தேன்.

பிறகு துருவன். அழவில்லை. உதடு தவறிய இடங்களைக் குறித்துக்கொண்டேன். ஷாஜகானிடம் இரண்டு திருத்தம் சொன்னேன். கிளம்பி வந்தேன். வழியில் ஜெயதேவனின் தொண்டைக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றேன். கடைக்காரர், "வேற எதுனா வேணுமா மேடம்?" என்று கேட்டார். ஏற்ற இறக்கம் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். பிபியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே முடிவாகிவிட்டது. துருவனின் சொந்தக் குரல்தான் போகும்.

அந்தக் குரல் வெளியே வந்தால் அடுத்த படத்துக்கு ஜெயதேவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். வேலூர்க்காரர்கள் போன் செய்து, தேதி மாறிவிட்டது என்பார்கள். துருவனின் வாயிலிருந்து நானும் போய்விடுவேன். நான் நிறுத்திய இடங்கள், நான் மூச்சு வாங்கிய இடங்கள் எதுவும் அந்த முகத்தில் இனி இருக்காது. அதில் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். உண்டு. இருந்தாலும் அந்த முகத்தை ஒரு தடவையாவது அது பேசுகிறபடியே விட வேண்டும்.

வேண்டாம் என்று ஜெயதேவன் சொன்னால் தனக்கும் வேண்டாம் என்றார் துருவன். அதனால் நான் ஜெயதேவனிடம் கேட்கப்போவதில்லை. சொல்லத்தான் போகிறேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கிளமென்ட் சாயங்காலம் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. முதலில் ஜெயதேவனுக்குத் தெரிய வேண்டும், அதுவும் என் வாயால். கதவைச் சாத்திக்கொண்டு எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்தேன். முதல் தடவை கெஞ்சுவது போல வந்தது. அடுத்தது சண்டைக்கு இழுப்பது போல. இன்னொரு முறை குரலைத் தாழ்த்திப் பார்த்தேன், அது ஆஸ்பத்திரியில் பேசுவது போல இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமனே சொன்னேன்.

"இந்தப் படத்துல உங்க குரல் இல்லீங்க."

அதுதான் சரி. நாளைக் காலையில் அவர் பேப்பரை மடித்து வைத்ததும் அப்படியே சொல்வேன். சொல்லிவிட்டு, பதில் வரும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.